கோமதியம்மாள் பிடித்த கை

கையளவு கேட்பதற்கு முன்பே கோமதியம்மாள் கேட்டுவிடுவார்: "எத்தனாவது வாரம்? ஒத்தையா, ரெட்டையா? முன்ன ஏதும் கலஞ்சிருக்கா?" வளையல்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். தாராவியில் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக் குடும்பங்களில் அவர் இல்லாமல் வளைகாப்பு கிடையாது. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எவ்வளவு வீங்கிய கையானாலும் சோப்பு நுரை தடவி, ஒரு கண்ணாடி வளையல்கூட உடையாமல் ஏற்றிவிடுவார்.

அவருடைய தலைப்பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போய்விட்டது. சூட்டு வலி என்று நினைத்து, சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

போன தை மாதம் கலைச்செல்விக்கு வளைகாப்பு. வயிற்றில் இரட்டை, முப்பதாவது வாரம். பாதி வளையல் ஏறியதும் கோமதியம்மாள் நிறுத்திவிட்டார். அவள் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஏட்டி, வளையலு ஏறுதப்ப கைய இறுக்குனா நாயம். சும்மா இருக்கும்போதும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இறுக்குதியே, இடுப்பு வலிக்கா?"

"காலைலருந்து விட்டு விட்டு வலிக்கு சித்தி. அடிவயிறும் கனக்கு."

வயிற்றில் கை வைத்தார். கல்லாக இறுகி, மெல்லத் தளர்ந்தது.

"சூட்டு வலிதான். ஆரத்தி எடுக்காம எந்திரிக்கப்பிடாது" என்றார் மாமியார்.

"ஆரத்திய டாக்சில ஏறும்போது எடுங்க மதினி. ஜல்தி!"

ஆஸ்பத்திரியில் பிரசவ வலியேதான் என்றார்கள். மருந்து கொடுத்ததில் வலி அடங்கியது. பிள்ளைகளின் நுரையீரலுக்காக ஊசியும் போட்டார்கள். ஐந்து வாரம் தள்ளி இரண்டு பெண் குழந்தைகள், ஆஸ்பத்திரியே அதிர அழுதுகொண்டு பிறந்தார்கள். "மிசினுக்கு முந்தி என் கை சொல்லிட்டுல்லா!" என்று தொண்ணூறடி ரோடு முழுக்கச் சொல்லித் திரிந்தார் கோமதியம்மாள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. நாங்களும் சொல்லித் திரிந்தோம்.

குழந்தைகளைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். வளையலைக் கழற்றிக் கை கழுவினால்தான் தொடலாம் என்றார் நர்ஸ். "புருசன் இருக்கப்பட்டவ வெறுங்கையா நிக்கப்பிடாது" என்று மாமியார் பதறினார். கோமதியம்மாள் இரண்டு கை வளையல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்பு போட ஆரம்பித்தார்.