டிரைவர் அண்ணன் உட்கார்ந்த விதம்

என் தையல் கடையில் இஸ்திரி மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. துபாயில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்களை ஒட்டிய சின்ன மார்க்கெட்டில் கடை. வெள்ளிக்கிழமை ஆனால் டிரைவர் அண்ணன் வந்து அந்த ஸ்டூலில் உட்காருவார். உட்காருவார் என்பதைவிட, தன்னை அதில் இறக்கி வைப்பார் என்று சொல்லலாம். முதுகு வளைந்து சுவரில் சாயும், சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் கழன்றுகொள்ளும், வயிறு மடிப்பு மடிப்பாகத் தொடைமேல் வந்து அமரும். அந்த மேல் மடிப்பில் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். கிளாஸ் ஆடாது. "டிரைவருக்கு ரெண்டு ஸ்டீயரிங் தம்பி. ஒண்ணு கம்பெனி குடுத்தது, ஒண்ணு நாமளா வளத்தது" என்பார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சம் இருப்பதெல்லாம் துணி தைக்க வந்தவர்கள் தந்துவிட்டுப் போனதுதான். அதில் பெரும்பங்கு அண்ணனுடையது.

துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் அவர் ஓட்டுவது. எனக்கும் அவருக்கும் ஒரே புதுக்கோட்டைப் பக்கம். கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இறங்கிப் போனால் முறை போய்விடும். அதனால் டூட்டிக்கு ஏறும் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது அங்கே பழக்கம். "தண்ணி குடிச்சவன் வண்டியை ஓரங்கட்டுவான், குடிக்காதவன் வீடு கட்டுவான்" என்று அதற்கொரு சொல்லும் வைத்திருந்தார். சிறுநீரில் ரத்தம் வந்தபோது உடம்புச் சூடு என்று நினைத்து டப்பா இளநீர் வாங்கிக் குடித்தார். வலி இல்லை. "வலிக்காததுக்கு எவனாச்சும் டாக்டர்கிட்ட போவானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியில் அவர் டாக்டரிடம் போனபோது சிறுநீர்ப்பைக்குள் புற்றுநோய் வேரோடியிருந்தது. இத்தனை வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட்டாக இருக்கலாம் என்றார் டாக்டர். வேறு காரணமாகவும் இருக்கலாம் என்றும் அவரே சொன்னார்.

நீர்ப்பையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் இணைத்து, அதன் மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். யூரோஸ்டமி என்று பெயர். அடக்குவதும் விடுவதும் இனி அவர் கையில் இல்லை. சொட்டிக்கொண்டே இருக்கும், அதை ஒரு பை வாங்கிக்கொள்ளும். நான் அதைத் தையற்காரனாகப் புரிந்துகொண்டேன், ஒரு துணியில் வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டுப் போடுவது என்று. அவர் டிரைவராகப் புரிந்துகொண்டார். "டேங்கைக் கழட்டிட்டு பைப்பை நேரா வெளிய விட்டுர்றானுவ. இனிமே நான் டேங்க் இல்லாத வண்டி" என்றார். சிரித்தோம். அப்போது அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஊரில் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அவளைப் பெற்ற நாளிலிருந்து அவளோடு இருந்த நாட்களெல்லாம் லீவு நாட்கள்தான். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதில்லை, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. "கல்யாணத்தன்னிக்கு மணையில உக்காந்து என் கையால தாரை வாத்துக் குடுக்கணும் தம்பி. அப்பன்னு நான் செய்யறது அது ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஒருவர், பை ஒட்ட வேண்டிய இடத்தை வயிற்றில் குறிக்க வந்தார். மலையாளி, வயதில் மூத்தவர். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். "சேட்டா, வீட்ல இரிக்கற மாதிரி சும்மா இரிக்கணும். வண்டியில எப்படி இருப்பீங்க, அப்படி" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னது காதில் விழுந்தது. எழுந்து நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். திரை விலகியபோது அண்ணன் கட்டிலின் விளிம்பில், பரீட்சை எழுத வந்தவரைப் போல முதுகை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழவழவென்று மடிப்பே இல்லாத வயிற்றில், தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே, ஒரு கறுப்பு மைப்புள்ளி. "பொட்டு வச்சு அனுப்புறாங்க பாரு" என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. உதட்டின் உட்பக்கம் போலச் சிவந்து, ஈரமாக, அந்தக் குடல் முனை ஒரு சிறு மொட்டாக வயிற்றில் வந்திருந்தது. தொட்டால் வலிக்காது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. பையில் வெள்ளை வெள்ளையாக நூல்போல மிதந்ததைப் பார்த்துச் சீழ் என்று பயந்தார். அது குடல் துண்டு, குடல் தன் பிசுபிசுப்பை விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்வது, ராத்திரி நீளக் குழாயால் பெரிய பையோடு இணைத்துக்கொள்வது, கனம் தூக்காமல் இருப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொண்டார். "பச்சப்புள்ள வளக்குற மாதிரி இருக்கு. எம்புள்ளைக்குச் செய்யாததையெல்லாம் இதுக்குச் செய்யறேன்" என்றார்.

நின்றால் நன்றாக இருந்தது. படுத்தாலும் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வந்து முதல் வெள்ளிக்கிழமை என் கடை ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார், டீ ஆறும் முன்னே சட்டை நனைந்தது. வயிறு மடிந்த இடத்துக்குள் அந்த மொட்டு முழுசாகப் புதைந்து போயிருந்தது. மடிப்பு விழுந்ததும் பையைத் தோலோடு ஒட்டிய தகடு ஓரத்தில் தூக்கிக்கொண்டது. அடுத்த நாள் நர்ஸிடம் போனோம். "அன்னைக்கு இந்த மடிப்பே இல்லையே சேட்டா. இப்போ எப்படி இருந்தீங்க, காட்டுங்க" என்றார். அண்ணன் தயங்கித் தயங்கி, ஸ்டூலில் உட்காருவதுபோல உடம்பைத் தளரவிட்டார். அந்த அம்மா மடிப்பை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இப்படி அன்னைக்கு இருந்திருந்தா நான் மேலே குறிச்சிருப்பேனே" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க முன்னாடி எப்படிம்மா இப்படி உக்காருறது?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மரியாதை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். டாக்டர் முன்னால், முதலாளி முன்னால், பேங்கில், போலீஸ் ஸ்டேஷனில் நாம் வயிற்றை இழுத்துக்கொண்டுதான் உட்காருவோம். அரபி வாசலில் வந்தால் ஸ்டூலைவிட்டே எழுந்துவிடுவோம். சாய்ந்து உட்காரும் உடம்பு ஒன்று நமக்கு இருப்பதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. என் கடையில் வந்து கழற்றிப் போட்ட அந்த உடம்பைத்தான் அந்த நர்ஸ் கேட்டிருந்தார். அண்ணன் அவருக்கு மரியாதையான உடம்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இடம் மாற்ற இன்னொரு ஆபரேஷன் உண்டு என்றார் டாக்டர். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே புற்றுநோய்க்கு மருந்து ஏற்றித் தளர்ந்திருந்த உடம்பு இன்னொரு கத்தியைத் தாங்காது என்றும் சொன்னார். நர்ஸ் குழிவுக்கு ஏற்ற வேறு தகடு தேடித் தந்தார், இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு பெல்ட்டும் தந்தார். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையில் பலகை போட்டு, மணையில் உட்காரப் பழகினோம். பின்னால் சற்றுச் சாய்ந்து சம்மணமிட்டால் பை ஒழுகாமல் நின்றது. சொம்பைப் பிடித்துத் தண்ணீர் வார்ப்பதுபோலக் குனிந்தால் சில தடவை நின்றது, சில தடவை இல்லை. பெண்ணாக நான் கையை நீட்டி எதிரே உட்கார்ந்திருப்பேன். "சீக்கிரம் ஊத்துங்கண்ணே, மாப்பிள்ளை ஓடிருவான்" என்பேன். அவருக்குச் சிரிக்கவும் பயம். சிரித்தால் வயிறு குலுங்கும். வேட்டிக்கு உள்பக்கம் தடித்த துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நான் தைத்ததிலேயே சுத்தமான தையல் அதுதான்.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்பதை அவராகத்தான் ஊரிலிருந்து போனில் சொன்னார். ஹோமப் புகை, வேர்வை. ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். தாரை வார்க்கக் கூப்பிடும் முன்பே இடுப்பில் சூடாக இறங்குவது தெரிந்துவிட்டது. பந்தலில் ஒரு மச்சினன் முறைக்காரர், "என்னா மாமா, வாக்கிறதுக்கு முன்னாடியே சொம்பக் கவுத்துட்டியளா?" என்று கேட்க எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்கள் மூக்கைச் சுளிக்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. அண்ணன் மேல்துண்டால் இடுப்பை மறைத்துக்கொண்டு எழுந்து, தன் கூடப்பிறந்த அண்ணனை மணையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பந்தலின் பின்பக்கம் போய்விட்டார். "அது என்னையவே பாத்துச்சு தம்பி. தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கவேண்டிய பொண்ணு, நான் போற வரைக்கும் என்னையவே பாத்துச்சு" என்றார்.

விசா முடிந்தது. அவர் திரும்பி வரவில்லை. நோய் மறுபடி எங்கோ தலைகாட்டியிருப்பதாக அண்ணி சொல்கிறார். அதைவிட அண்ணிக்குப் பெரிய கவலை, அவர் உட்காருவதில்லை என்பது. யார் வீட்டுக்குப் போனாலும் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுகிறார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்று சாப்பிடுகிறார். மகளும் மருமகனும் வந்தால் வாசலில் நிற்கிறார். தண்ணீரையும் பழையபடி குறைத்துவிட்டார், சொன்னால் கேட்பதில்லை. ஆறுதலாக ஏதாவது ஒரு சொல் சொல்ல நானும் தேடிப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததில் அதற்கு ஒன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார். முகம் ஒடுங்கி, சட்டை தோளிலிருந்து தொங்கியது. அந்த வயிறு இல்லை. மடிவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. பழக்கத்தில் "உக்காருங்கண்ணே" என்றேன். "இருக்கட்டும் தம்பி, நீ உக்காரு" என்றார். பிறகு, "ஸ்டூலு கெடக்கா?" என்று கேட்டார். போனைத் திருப்பிக் காட்டினேன். பேண்ட் சுருக்க வந்திருந்த ஒரு புதுப்பையன் அதில் உட்கார்ந்திருந்தான். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். திரையில் யாரோ பெரியவர் என்று தெரிந்ததும் சடக்கென்று முதுகை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அவனச் சாஞ்சு உக்காரச் சொல்லு" என்றார் அண்ணன்.

சொன்னேன். "பரவால்லண்ணே" என்றான் அவன், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து.