சீட்டி என்று எழுதினார்கள்

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு வங்கியின் அலுவலகத்தில் எனக்கு வேலை, யார் பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. திரையில் ஒவ்வொரு கணக்கும் ஒரு புள்ளி, பணம் போன வழி ஒரு கோடு. சந்தேகம் வந்தால் மென்பொருள் புள்ளியைச் சிவப்பாக்கும். நிஜமாகவே திருட்டுதானா என்று நாங்கள் சொல்ல வேண்டும். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது.

அன்று சிவப்பானது பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தைக்கும் ஒரு பெண்ணின் கணக்கு. மாதாமாதம் சம்பளம் வந்த கையோடு கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ஒரே தொகை அனுப்புகிறார்கள். மாலையே மொத்தமும் அவர்களில் ஒருத்திக்குப் போகிறது. குறிப்பில் எல்லோரும் ஆங்கில எழுத்தில் 'சீட்டி' என்று அடித்திருந்தார்கள். சீட்டுக்குக் கன்னடத்தில் சீட்டி. பெங்களூரில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வடக்கேயிருந்து வந்த மேலாளர் அதைச் 'சீட்டிங்' என்று படித்தார். மோசடி என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே என்று சிரித்தபடி கணக்கை முடக்கினார். அட கடவுளே, மோசடி செய்கிறவன் எந்த ஊரில் அதை எழுதி அனுப்புவான்?

அவள் வங்கிக்கு போன் செய்து பேசிய பதிவைக் கேட்டேன்.

“மேடம், இந்த மாசம் சீட்டி எடுத்த பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருக்கா. பணம் பேங்க்ல நிக்குதுன்னா யாரு நம்பறாங்க? நான் அமுக்கிட்டேன்னு கூட தைக்கறவங்க பேசறாங்க. எம்பேரு போச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு மிஷின்ல போயி குந்துவேன்?”

மேலாளரிடம் சீட்டு என்றால் என்னவென்று விளக்கினேன். ஏறவில்லை. பக்கத்து மேஜைக் கன்னடக்காரரைக் கூப்பிட்டு, “நீங்களாவது ஹேளி சார், சொல்லுங்க” என்றேன். தன் அம்மாவே சீட்டி கட்டுகிறார் என்று அவர் சொன்ன பிறகுதான் மேலாளர் இறங்கி வந்தார். அப்புறமும் அந்த அனுமதி, இந்த அனுமதி என்று இழுத்தடித்தார்கள். முடக்கம் நீங்க ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. நீங்கிய நிமிடமே பணம் பிரசவத்துக்குப் போனவளின் கணக்குக்குப் போனது. அப்பாடா என்று காபி குடிக்கப் போனேன்.

அடுத்த சம்பள நாளில் மனசு கேட்காமல் அவள் கணக்கைத் திறந்தேன். புள்ளி பச்சையாக இருந்தது, பிரச்சினை தீர்ந்தது என்ற குறிப்போடு. சம்பளம் வந்திருந்தது. வேறு ஒருவரும் அவளுக்கு எதுவும் அனுப்பவில்லை. அதே பெண்கள் எல்லோரும் அதே தொகையை, அதே 'சீட்டி' என்ற குறிப்போடு, வேறொருத்திக்கு அனுப்பியிருந்தார்கள். அவளும் தன் பங்கை அங்கேதான் கட்டியிருந்தாள்.