லண்டனுக்கு எத்தனை நகம்

ஊரின் மறுபக்கம் இருக்கும் அடுகோடிக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாத மாப்பிள்ளை என்று அதற்குள் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அதனால் தரகர் என் சார்பில் கொஞ்சம் அதிகமாகவே பேசி வைத்திருந்தார். எனக்கு விமானக் கம்பெனியில் பெரிய வேலையாம்; உலக யுத்தம் முடிந்ததும் லண்டனுக்கு அனுப்பப்போகிறார்களாம். உண்மையில் நான் விமானத்தின் வாலுக்குச் சீலைத் துணி போர்த்தி ஊசியால் தைப்பவன். இதைச் சொன்னால் மூன்றாவது இடமும் போய்விடும் என்று பயமாக இருந்தது.

பஜ்ஜி வந்தது. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

“தம்பி, லண்டன் எவ்ளோ தூரம்? ஏரோப்ளேன்ல போனா எவ்ளோ நேரம் ஆவும்?”

நான் பஜ்ஜியைப் பார்த்தேன். அவர் சும்மா கேட்கவில்லை. ஒரே மகள். முதல் ஆடிக்குச் சீர் கொண்டுபோய் அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அப்படிப் போய்வர முடியாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தார்.

“இருங்க மாமா, நான் சொல்றேன்” என்றார் பெண்ணின் தாய்மாமன். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். “ஸ்டேஷன்ல உலக மேப்பு மாட்டியிருக்கு. அதுல இங்கேர்ந்து மெட்ராஸ் என் கட்டைவெரல் நகம் அகலம். லண்டன் ஒரு மொழம்.”

கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நகத்தை வைத்து வைத்து எண்ணினார். முப்பத்திரண்டு வந்தது.

“மெட்ராஸுக்கு ரயில்ல ஒரு ராத்திரி. அப்போ லண்டனுக்கு முப்பத்திரெண்டு ராத்திரி. ஏரோப்ளேன் நாலு மடங்கு வேகம். எட்டு நாள்.”

“எட்டு நாளா!” என்றார் உள்ளிருந்து பெண்ணின் அம்மா. “அதிரசம் தாங்கும். கொழுக்கட்டை?”

“நடுவுல எங்க எஞ்சின் மாதிரி தண்ணி புடிக்க நிப்பான். பத்து நாள்னு வச்சுக்க.”

தரகர் பதறினார். “ஆகாசத்துல எங்கய்யா தண்ணி?”

“மேகம் எதுக்கு இருக்கு?”

அப்பாவின் முகம் வாடியது. பிறகு தம் கையை நீட்டினார். “ஒன் கை நீட்டக் கைடா. இதுல அள.”

அவர் கை குட்டை. இருபத்தாறுதான் வந்தது. தரகர் உடனே அம்மாவையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். இருபத்திரண்டு. லண்டன் கிட்டே வந்துகொண்டே இருந்தது. நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் யாரோ என் தட்டில் பஜ்ஜி வைத்தார்கள்.

“அஞ்சரை நாளா? ஹௌதா, நெஜமாவா? அப்போ நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்” என்றார் அப்பா. “ஒரு கம்பளி வாங்கணும்.”

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

“அவரு அதுல ஏறியிருக்காரான்னு கேளுங்கப்பா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லீங்க. நான் வாலுக்குச் சீலை தைக்கிறவன். லண்டனுக்கு யாரும் அனுப்பல. எப்பவும் இதே ஊருல, ஸ்ரீராம்புரத்து வீடுதான்.”

அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

“தரகரே, நீங்க செத்த வெளியில நில்லுங்க” என்றார் அப்பா. தரகர் போனார். அப்பா பயணம் ரத்தான மனிதரைப் போலத் தோள்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஸ்ரீராம்புரத்துக்கு நடந்தா எவ்ளோ நேரம்?”

“ரெண்டு மணி நேரம்ங்க.”

“தலையில சீர்க்கூடையோடயா?”

யோசித்தேன். “கூடையோட ரெண்டரை.”

உள்ளே பெண் சிரித்துவிட்டாள். அப்பா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டுச்சா? கொழுக்கட்டையே செய்யலாம்” என்றார் மனைவியிடம். “தாம்பூலத் தட்ட எடுத்துட்டு வா.”