லாக்கப் கழுவுகிறவரிடம் ஒரு கேள்வி

எங்கள் ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் துருவல் அக்கா. தன்னைப் பெண் கேட்டு வந்தவரிடமே, அதற்கு முன் அவர் குடியிருந்த வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டவள். மூன்று பேர் வந்த வழியே ஓடிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே நம்பரைக் கொடுத்த நாலாமவர்தான் எங்கள் அத்தான்.

காவல் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் பழைய நடத்தையைச் சரிபார்ப்பது எங்கள் இருவரின் வேலை. நான் நன்னடத்தைச் சான்றிதழில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். அக்கா அப்படியில்லை. வேறு ஊர் போலீஸில் இருந்துவிட்டு இங்கே வருகிற ஆள் என்றால், அந்த ஸ்டேஷனுக்கே போன் போடுவாள். லாக்கப் கழுவுகிறவரைக் கூப்பிடச் சொல்வாள்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டா நல்ல பையன்னுதான்டி சொல்வாரு. சனியன் தொலைஞ்சதுன்னு இருப்பாரு” என்பாள்.

அன்று காலை வந்த ஃபைல் பார்வைக்குச் சுத்தம். ஆறு வருட சர்வீஸ். பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’. குடும்பக் காரணத்தால் ராஜினாமா. நான் ‘சரி’ என்று எழுதப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டு போனை எடுத்தாள். எதிர்முனையில் லாக்கப் கழுவுகிற பெண் பேசியது எனக்கும் கேட்டது.

“அவரா? அவரு டியூட்டின்னா ரத்தம் கழுவ நான் ரெண்டு வாளி தண்ணி கூடுதலா எடுத்துட்டுப் போவேன்மா. அடிச்ச அடியில ஒரு பையனுக்குக் காதே போச்சு. விசாரணை வெச்சாங்க. அது முடியறதுக்குள்ள இவரே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஃபைலை மூடிட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

அக்கா யார் பெயரையும் எழுதவில்லை. ‘விசாரணை முடியுமுன் விலகியதாகத் தெரிகிறது. விசாரணைக் கோப்பின் நகல் வரும்வரை தேர்வு செய்யக்கூடாது’ என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் கோத்தாள்.

விண்ணப்பித்தவன் எங்கள் மேலதிகாரியின் மச்சினன். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மதியம் அவர் அக்காவைக் கீழே பழைய பதிவேடு எடுக்க அனுப்பினார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என் கண்ணெதிரே அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். புதுத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“உன்னோட நிரந்தர உத்தரவு என் மேஜையிலதாம்மா இருக்கு. நாலு மணிக்குத் தேர்வுப் பட்டியல் மேல போகணும்.”

ஏழு வருடமாகத் தற்காலிகம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத புருஷன். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாழாய்ப்போன கை, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அக்கா வந்து ஃபைலைப் புரட்டினாள். அவள் கோத்த தாள் இல்லை, என் கையெழுத்துதான் இருந்தது.

“போட்டுட்டியாடி?”

“போட்டுட்டேன்க்கா.”

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் உட்கார்ந்து தேர்வுக் குழுவுக்குப் புகார் எழுதினாள்.

மூன்றாம் நாள் விசாரணை. அன்று காலையில்தான் என் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. குழுத் தலைவி நடுவில் இருந்தார். மேலதிகாரி பவ்யமாகப் பேசினார்.

“இந்தம்மாவுக்கு என் மேல காழ்ப்புங்க மேடம். அவங்க சொல்ற மாதிரி ஒரு தாளே ஃபைல்ல இல்ல. சரிபார்த்தவங்க கையெழுத்து இருக்கு, பாருங்க.”

தலைவி அக்காவைப் பார்த்தார். “பொய்ப் புகார்னா உங்களை சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும். தாள் இருந்ததுக்கு சாட்சி உண்டா?”

“இருக்காங்க. அவங்களா சொன்னா உண்டு” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெஞ்சியிருக்கலாம், காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் நின்றால் நான் என்ன செய்வேன்?

தலைவி ஃபைலை என் முன் வைத்தார். “இது உங்க கையெழுத்தா?”

மேலதிகாரி என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். பிள்ளைகளின் முகம் வந்து போனது. முகம் தெரியாத அந்தப் பையனின் காதும்தான்.

“என்னோடதுதான் மேடம். அக்கா எழுதின தாளை இவர் கிழிச்சப்ப நான் எதிர்லதான் நின்னேன். வேலைக்குப் பயந்து போட்டேன்.”

மேலதிகாரி எழுந்து ஏதோ கத்தினார். தலைவி கையமர்த்தினார். பட்டியலை இழுத்து, அந்த ஆளின் பெயரை அடித்தார். பிறகு பேனாவை மூடாமலே என் பக்கம் திரும்பி, என் பெயரைக் கேட்டார்.