நீலம் விரியும் வேளை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க... ம், விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவள் தூக்கத்தில்கூட அதையேதான் உளறுவாள் என்று நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். தூக்கத்தில் உளறினால் கேட்க வீட்டில் ஆள் வேண்டுமே!

புருஷன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். வந்த முகம் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுவான். போன தடவை லீவு முடிந்த அன்று, வீட்டில் இருந்தால் இரண்டு பேருக்கும் அழுகை வரும் என்று அவளைப் பூங்காவில் பட்டாம்பூச்சிகள் வளர்க்கும் பட்டாம்பூச்சி வீட்டுக்கு அழைத்துப் போனான். கண்ணாடிக் கூரைக்கடியில் செடியும் கொடியும் மண்டிக்கிடந்தன. உள்ளே நுழைந்ததும் வியர்த்து ஊற்றியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பட்டாம்பூச்சி பறந்து வந்து அவன் தோளில் இறங்கியது.

"எடு, எடு, சீக்கிரம்!" என்றான், உதடு மட்டும் அசைய.

போன் கேமரா லென்ஸில் ஆவி படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், தோள் காலி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றான்.

அந்த அடுத்த தடவை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கப்பலில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. நடுக்கடலிலிருந்து குரல் வருவதே பெரிய பாடு. அதுவும் பாதியில் அறுந்துவிடும். வார விடுமுறைகளில் அவள் தனியாகப் பட்டாம்பூச்சி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அந்த நீலத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியே தீருவது என்று ஒரு வைராக்கியம். அதுவோ போக்குக் காட்டியது. பறக்கும்போது நீலம், உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொண்டு காய்ந்த சருகு மாதிரி பழுப்பு.

பட்டாம்பூச்சிகளுக்குப் பழத்துண்டுகள் வைக்க வரும் காவல்காரம்மாதான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏம்மா, மத்தியானத்துல வந்து என்ன பிரயோஜனம்? காலையில வா. வெயில் காய எறக்கைய விரிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும்."

மறுவாரம் கதவு திறந்ததுமே போனாள். அகல இலையொன்றின் மேல் நீலம் விரிந்து கிடந்தது. தன் மூச்சைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அவன் கப்பல் அன்று ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது. படம் போய்ச் சேர்ந்த கையோடு போன் வந்தது.

"அப்பா, என்ன நீலம்! சரி, நீ எங்க? இதுல உன்னக் காணோமே?"

"நான் எதுக்கு? பூச்சியத்தானே கேட்டீங்க."

"பூச்சிய யாரு கேட்டா? உன்ன எடுத்து அனுப்பு."

காவல்காரம்மாவிடம் போனைக் கொடுத்து, இலைக்குப் பக்கத்தில் நின்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. படம் போனது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கியே... எப்பத்துலேருந்து?"

"அது ஆச்சுங்க, ரொம்ப நாள்."

"சொல்லவே இல்ல?"

சொல்ல வாயெடுத்தபோது லைன் அறுந்துபோயிற்று. அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.