சேலத்துக்கு ஓடிய சீட்டு

கண்ணுகளா, காப்பிப் பழம் எடை போடுவது ஏற்காட்டில். அதற்கான சீட்டு அச்சாகி விழுவது சேலத்தில்... நம்புவீர்களா? நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் எஸ்டேட்டில் போன வாரம் நடந்த கூத்து இது.

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் வயர் வழியே சேலம் தலைமை ஆபீஸோடு பேசும். சீட்டு எந்த பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைப்பதுதான் ‘செட்டிங்’. அது தானாகச் சேலம் பிரிண்டருக்கு மாறிக்கொண்டே இருந்தது. பழம் பறித்த பெண்கள் சீட்டுக்காகக் கால் கடுக்க நின்றார்கள்.

பழி யார் மேல்? கம்ப்யூட்டர் பார்க்கும் சாந்தி மேல். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து படித்து வந்த முதல் பெண்.

விசாரிக்க சேலத்திலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். செட்டிங்கை யார் மாற்றினாலும் அவர் பெயரைக் கம்ப்யூட்டர் குறித்து வைக்குமாம். பார்த்தார். ‘அட்மின்’ என்று இருந்தது; கம்ப்யூட்டரை நிர்வகிப்பவர் உள்ளே நுழையும் பெயர் அது.

“இங்க அட்மின் நீதானம்மா? நாளைல இருந்து வர வேண்டாம்.”

“ஏனுங்க சார், சேலத்துல நீங்களும் அதே பேருலதானுங்க உள்ள வர்றீங்க?”

சாந்தி கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் எல்லோருமே ‘முருகன்’ என்றால், கண்ணாடியை உடைத்தது எந்த முருகன்?

அதிகாரிக்குக் கோபம். சாந்தியை வெளியே நிறுத்தினார். செட்டிங்கைத் தானே சரிசெய்து, கையைக் கட்டி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் கண்ணெதிரிலேயே மறுபடி மாறியது. பெயர்? அட்மின்.

மேதாவி என்ன செய்தார் தெரியுமா? சன்னல் வழியே சாந்தியை முறைத்தார்.

“அங்க நின்னுக்கிட்டு என்னம்மா பண்றே?”

பழக்கூடையோடு நின்ற ராமாயி அக்கா சொன்னார்: “இந்தப் புள்ள பாத்தாலே மாறிருமுங்களா? எங்க ஊட்டுக் கூரை நொம்ப ஒழுகுது. அதையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க சாமி.”

பிறகுதான் அதிகாரி சேலத்துக்குப் போன் போட்டார். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரையும் கண்காணிக்க ஒரு புது புரோகிராம் வைத்திருந்தார்கள். சேலம் மாதிரி இல்லாத செட்டிங் எதைக் கண்டாலும் அதுவே ‘திருத்தி’விடும் — அட்மின் என்ற பெயரில். அதை வாங்கி வைத்ததே இந்த அதிகாரிதான்!

புரோகிராமுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். ஏற்காட்டு செட்டிங்கைத் தொடாதே என்றும் சொல்லி வைத்தார்கள். சாந்தி நாற்காலிக்குத் திரும்பினாள். அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம்? அதெல்லாம் பெரிய படிப்பில் சொல்லித்தர மாட்டார்கள் போலும்.

சாயங்காலம் அதிகாரியிடமிருந்து, எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்த எனக்குப் போன். “எலக்ட்ரீஷியன், இத வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

சொல்லவில்லை... எழுதிவிட்டேன்.