முனியாயி அடித்த மிளகு நோட்டீஸ்

அந்த அச்சாபீஸ்காரனை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மட்டும் அன்றைக்கு என் கையில் சிக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் என் அன்னாசிக் கடைக்குப் பக்கத்துக் கடை முனியாயியுடையது. மலைக்கு பஸ் வந்த புதிதில், புருசன் வேலப்பன் பறித்துத் தந்த மிளகைச் சாக்கில் கொட்டி விற்க உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேலத்து மளிகைக் கடைகளுக்கு லாரியில் மூட்டை போக ஆரம்பித்தது. கெட்டிக்காரி. ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. தேவனூர் நாட்டில் இருந்த அண்ணன் காளியண்ணன், “ஆம்பளைங்களுக்குச் சரியா சந்தையில தராசு புடிக்கறவ எனக்குத் தங்கச்சியே இல்ல” என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டான். நோம்பி, பண்டிகைக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

கீழ்நாட்டு வியாபாரிகள் பப்பாளி விதையைக் கலந்து கொல்லிமலை மிளகென்று விற்பதைக் கேட்டதும் முனியாயிக்கு வந்ததே கோபம்!

“பொன்னாயி, என்ற மூஞ்சியப் போட்டு நோட்டீஸ் அடிக்கப் போறேன். மூட்டைக்கு மூட்டை வெச்சுத் தெச்சுப்போடலாம். பஸ்சுலயும் ஒட்டலாம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தேவனூருக்கும் நாலு குடுத்துடோணும். அதப் பாத்தாவது எங்கண்ணன் ஒருக்கா வந்துட்டுப் போகட்டும்” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

நாமக்கல் அச்சாபீஸுக்குப் போய்ப் படம் பிடித்தோம். வெளிச்சம் பளீரென்று அடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “பரவால்லீங்க, அச்சுல சரியாயிரும்” என்றான் அச்சாபீஸ்காரன். கிழித்தான்!

நோட்டீஸ் கட்டு சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியது. கண்டக்டர் மாணிக்கம், “நீங்க சொன்னாப்பலயே வழியெல்லாம் குடுத்துட்டனுங்கக்கா. தேவனூர்க்காரங்ககிட்டயும் குடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டு, முகத்தை ஏறிட்டுப் பாராமல் போனான். கட்டைப் பிரித்தோம். கண் மூடிய முனியாயி. சுற்றிலும் விரல் தடிமனில் கறுப்புக் கட்டம். எங்கள் மலையில் அப்போது அச்சில் ஆள் படம் பார்ப்பதென்றால் அது எஸ்டேட் முதலாளிகள் வீட்டுக் கருமாதிப் பத்திரிகையில்தான். கீழே கலப்படமில்லாத மிளகு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அதை யார் பார்த்தார்கள்?

“ஐயோ, எங்கண்ணன் பாத்தா நெஞ்சு வெடிச்சுருமே!” என்று முனியாயி அலறினாள். வேலப்பன் அப்போதே தேவனூருக்கு ஓடினான். அவன் ஒரு தடத்தில் போக, காளியண்ணன் வேறொரு தடத்தில் புறப்பட்டுவிட்டான்.

மறுநாள் காலை, சந்தை கூடும் நேரம். “என்னப் பெத்த தாயி, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே!” என்று மார்பில் அடித்துக்கொண்டே ரோட்டில் வந்தான் காளியண்ணன். கையில் கோடிச் சேலை. வந்தவன் கடையில் நின்ற தங்கையைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கண்ணு... நீ இருக்கறயா?”

“இருக்கறனுங்கண்ணா.”

அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். அப்புறம்தான் கையில் இருந்த சேலை ஞாபகம் வந்து, அதை அவள் மேல் படாமல் தள்ளிப் பிடித்தான். பிணத்துக்கென்று எடுத்த பிறந்த வீட்டுக் கோடி. அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோக முடியுமா? எரித்துவிடு என்றார்கள் சிலர், ஓடையில் விடு என்றார்கள் சிலர். முனியாயி யாரையும் கேட்கவில்லை. வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டு கடைத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். “ஐயோ அக்கா, அவுத்துரு, அவுத்துரு!” என்று கத்தினேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

“செத்த பொறவு கட்டியுட்டா நான் பாக்கவா போறேன்? இப்பப் பாருங்கண்ணா. நல்லாருக்குதுங்களா?”

காளியண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, “நல்லாருக்குது சாமி” என்றான்.